உறக்கத்துக்கு ஒரு சாட்சி

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையும், காட்பாடியிலிருந்து பாகாலா வழியாக அதே திருப்பதிக்குப் போகும் ரயில் தடமும் தொட்டுச் செல்கிற புத்தலப்பட்டு, 1911-ஆம் வருஷத்துக்கு முன்பு வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்ததாகவும், பின்னர் 1953 வரையில் சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவுக்கு உட்பட்டதாகவும், அதற்கும் பின்னர் ஆந்திர தேசத்து ஊராகவும் சர்க்கார் காகிதங்களில் மாறி மாறி எழுதப்பட்டு வந்தபோதிலும், வீட்டுக்குள் தமிழும் வீதியில் தெலுங்குமாகப் பேசிக்கொண்டு, கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சியும் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தும் ஜீவித்து வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த மாறுதல்களால் பெரிய வித்தியாசம் ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை. வைத்தியம் என்று வரும்போது பழைய எல்லைதான் எங்களுக்கு எல்லை. காய்ச்சலுக்குச் சித்தூர், பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் திருப்பதி, தலைக்குள்ளே ஏதாவது என்றால் வேலூர் என்று எங்கள் தாயார் காலத்திலேயே வகுத்து வைத்திருந்தார்கள்.

என் தமையனாருக்கு வந்த வியாதி தலைக்குள்ளே இருந்தது. அவருக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதத்தில், இரவெல்லாம் கரும்பாலையில் வேலை பார்த்துவிட்டு விடியும் தறுவாயில் திண்ணையில் வந்து படுத்தவர், சிறிது நேரத்தில் உடம்பு விறைத்து, கைகால்கள் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ள, கண்கள் மேலே செருகிக் கிடந்ததைக் கயிற்றுக் கட்டில் சுவரில் மோதுகிற ஓசை கேட்டு ஓடிவந்த தாயார்தாம் முதலில் பார்த்தார்கள். இரண்டொரு நிமிஷங்களில் இழுப்பு நின்று, முகம் நீலம் பாய்ந்து, பின்பு ஆழமாக மூச்சு வாங்கி, அப்படியே உறங்கிப் போய்விட்டார். வெயில் ஏறி எழுந்திருந்தபோது நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது. தலையணையில் இரத்தக் கறை இருந்தது. அவருக்கோ ஒன்றும் ஞாபகம் இல்லை. எல்லாரும் தம்மை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர் திகைத்து உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வலிப்புகள் யாவும் இரவிலேயே வந்தன. பகலில் ஒரு தடவையாவது அவர் விழுந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. வலிப்பு நோயை ஆராய்ந்த ஆங்கிலேய வைத்தியர் கவர்ஸ் என்பவர் 1885-லேயே, நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினருக்கு உறங்கும் வேளையில் மட்டுமே அது வருகிறதென்று கணக்கெடுத்து எழுதியிருக்கிறார். அவருக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில், உறக்கத்துக்கும் வலிப்புக்கும் ஒரு நெருங்கிய உறவு உண்டென்று எழுதி வைத்தார். இவையெல்லாம் நான் வெகு காலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இழுக்கிறபோது கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிக்க வேண்டும், வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்ட வேண்டும் என்பவைதாம். வலிப்பு தானாகவே அடங்குகிற நேரத்தில் இரும்பு கையில் இருப்பதால் அதற்குப் பெருமை கிடைக்கிறதேயல்லாமல், அதனால் உபகாரம் எதுவும் இல்லை; ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மூச்சு தடைப்படாதபடி பார்த்துக்கொள்வதுதான் செய்யத்தக்கது.

தாயார் தேவாரத்தில் ஊறியவர்கள். திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவாசி என்று இப்போது வழங்கும் திருப்பாச்சிலாச்சிராமத்தில், கொல்லிமழவன் என்னும் சிற்றரசன் தன் மகளைப் பீடித்த முயலகன் என்னும் வலிப்பு நோய்க்கு வகை அறியாமல் அவளைச் சிவன் சந்நிதியிலேயே கிடத்திவிட்டு நின்றான் என்றும், திருஞானசம்பந்தர் அவ்வழியே வந்து பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்றும் பெரிய புராணத்தில் வருகிறதல்லவா, அந்தத் தலத்துக்குத் தமையனாரை அழைத்துக்கொண்டு போனார்கள். மற்றத் தலங்களில் முயலகன்மேல் கால் ஊன்றி ஆடுகிற நடராஜமூர்த்தி அங்கே மட்டும் பாம்பின்மேல் நின்று ஆடுவதைக் காட்டி, "பாருடா, இந்த ஊரில் அவனுக்கு இடமே இல்லை" என்று சொன்னார்களாம். அந்த நம்பிக்கையை நான் குறைவாகப் பேசமாட்டேன். நோயுற்ற பிள்ளையை ஒளித்து வைக்காமல் வெளியே அழைத்துக்கொண்டு போகிற தைரியத்தை எங்கள் தாயாருக்குக் கொடுத்தது அதுவே. அந்தத் தைரியத்தோடுதான் திருவாசியிலிருந்து திரும்பிய சில நாட்களில் வேலூருக்கும் ரயில் ஏறினார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைப் பற்றி நான் இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் வருஷத்தில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய அந்த வைத்தியசாலையில், கனடா தேசத்து மான்ட்ரியால் நகரில் பென்ஃபீல்டு என்னும் மகா நிபுணரிடம் பயின்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பியல் பகுதியை ஏற்படுத்தினார். மூளை ரண சிகிச்சைக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பகுதி அது. வலிப்பைத் தீர்ப்பதற்காக நம் நாட்டில் நடந்த முதல் அறுவையையும் 1952-இல் அவரே அங்கே செய்தார். அதற்கு முந்திய வருஷத்தில் சென்னையில் அவரும், டாக்டர் பல்தேவ் சிங்கும், டாக்டர் பி. ராமமூர்த்தியும், டாக்டர் எஸ். டி. நரசிம்மனும் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். புத்தலப்பட்டிலிருந்து ஒரு காலை வேளைப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், கண்டம் விட்டுக் கண்டம் வந்த அத்தனை ஞானமும் காத்திருந்தது என்பதை நினைக்கிறபோது, பிறந்த இடம் ஒருவனுடைய ஆயுளை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எங்கள் ஊரில் பிறந்ததால் தமையனாருக்கு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை அந்தக் காலத்திலேயே நடந்தது. கார்டினால் மாத்திரையும், சில வருஷங்கள் கழித்து எப்டாயின் மாத்திரையும் வீட்டு மாடத்தில் விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. முதலாவது 1912 முதலும், இரண்டாவது 1938 முதலும் உலகம் முழுவதிலும் கோடானுகோடிப் பேரைக் காத்து வந்திருக்கும் ஔஷதங்கள்.

மருந்து பலித்தது. வலிப்பு எப்போதோ ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குக் குறைந்தது. ஆனாலும் பாகு கொதிக்கிற கொப்பரைக்கு அருகிலும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்று மேட்டிலும் அவரை நிற்க விடாமல் வெல்ல மண்டியின் தராசையும் கணக்கையும் அவரிடம் ஒப்படைத்தார்கள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது தாயார் பெண் வீட்டாரிடம் எதையும் மறைக்கவில்லை. 1976-இல் திருத்தப்பட்ட ஹிந்து விவாகச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருகிறவரைச் சித்தப்பிரமை உள்ளவரோடு ஒரே வரியில் சேர்த்து, அப்படிப்பட்டவரோடு நடந்த விவாகத்தை ரத்துச் செய்யும்படி கோர்ட்டாரிடம் கேட்கும் உரிமையை மற்றவருக்குக் கொடுத்திருந்தது; 1999-இல்தான் அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இருபத்து மூன்று வருஷ காலம் இந்த நாட்டில் எத்தனை பெண்களும் பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சி மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து விழுங்கியிருப்பார்களோ! எல்லாம் தெரிந்தே எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணி, முதல் நாளிலிருந்தே மாத்திரை வேளையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி உணவுக்குப் பின் வெந்நீரும் மாத்திரையும் நீட்டி, அவர் விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் தாம் சாப்பிட உட்காருவார்கள்.

தமையனாருக்கு நாற்பத்தைந்து வயது கடந்த பின்னர் நிலைமை மாறியது. ஓய்ந்திருந்த வலிப்பு மறுபடியும் தலை காட்டி, மாதத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று நெருங்கத் தொடங்கியது. மருந்தை மாற்றினார்கள், புதிதாகச் சேர்த்த மருந்து பசியைத் தூண்டி உடம்பைப் பெருக்கச் செய்யும் இயல்புள்ளது, இரண்டு வருஷங்களில் கழுத்தும் வயிறும் பருத்துவிட்டன. அதோடு, எப்போதும் உண்டு என்று சொல்லத்தக்க அவருடைய குறட்டை, மூன்றாம் வீட்டுக்காரர் விசாரிக்கும்படியான குறட்டையாக வளர்ந்தது. குறட்டையை யாரும் வியாதியாகக் கருதவில்லை. எங்கள் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறவன் கடன் இல்லாதவன், மனத்தில் கள்ளம் இல்லாதவன் என்று பெயர். அவனைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களேயன்றி வைத்தியரிடம் அழைத்துப் போகமாட்டார்கள்.

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று வைத்தியர்கள் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார்கள். அது முற்றிலும் உண்மை. எங்கள் பிரதேசத்திலோ பம்புசெட்டுக்கு உரிய மின்சாரத்தை நடு ராத்திரியில் விடுவது அப்போது வழக்கமாக இருந்தது. மோட்டார் போடுவதற்கும் மடை திருப்புவதற்கும் உழவர்கள் அகாலத்தில் எழுந்து, பாம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே டார்ச் விளக்கோடு நடப்பார்கள். தமையனாரும் அப்படிப் போய்க்கொண்டிருந்தவர்தாம். அந்த வேலையிலிருந்து அவரை விடுவித்து என் தம்பி அதை ஏற்றுக்கொண்டான். எட்டு மணிக்குப் படுத்துப் பொழுது விடிந்த பின் எழுந்திருக்கும்படி ஏற்பாடு செய்தோம். அவ்வளவு நேரம் உறங்கியும், தராசில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொருகிவிடும். காலையில் தலைவலியோடு எழுந்திருப்பார். பேசிக்கொண்டிருக்கையில் பாதி வாக்கியத்தில் உறங்கிப் போவார். இதெல்லாம் மாத்திரையின் மயக்கம் என்றே எல்லாரும் எண்ணினார்கள். இரவில் வலிப்பு வந்ததென்று போய்ச் சொன்னால் மாத்திரையின் அளவு கூடியது. அளவு கூடக்கூட மயக்கமும் குறட்டையும் கூடின. அவை கூடிய பின் வலிப்பும் கூடியது. அந்தச் சுழலிலிருந்து வெளியே வரும் வழி அப்போது யாருக்கும் தென்படவில்லை.

பெரியவர் ஒருவர், எங்கள் தகப்பனார் வழியில் மூத்தவர், ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து, "ஒழுங்கா மருந்து சாப்பிடறவனுக்கு ஏன் வருது? இவன் வாயில வெச்சுக்கிட்டு அப்புறம் துப்பிடறான்" என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டில் பலரும் அதை ஒப்புக்கொண்டதுபோல் மௌனமாக இருந்தார்கள். தமையனார் சண்டையிடவில்லை. மறுநாள் காலையில் அண்ணியை அழைத்துக்கொண்டு காணிப்பாக்கத்துக்குப் போனார்.

காணிப்பாக்கத்து விநாயகர் எங்களுக்கு இரண்டு கூப்பிடு தூரத்துத் தெய்வம். பாஹுதா நதிக்கரையில், ஊமையும் செவிடும் குருடுமான மூன்று சகோதரர்கள் கிணற்றைத் தோண்டியபோது மண்வெட்டி பட்டு இரத்தம் கசிய வெளிப்பட்ட சுயம்பு மூர்த்தி என்றும், அந்த நீர் பட்டதும் மூவருடைய ஊனமும் நீங்கிற்று என்றும் ஐதிகம். கோயிலைக் கட்டியவன் முதலாம் குலோத்துங்க சோழன் என்பார்கள். திருக்குளத்தில் மூழ்கி எழுந்து ஈர வேஷ்டியோடு அந்தச் சந்நிதியில் பொய்ப் பிரமாணம் செய்யத் துணிகிறவன் எங்கள் ஜில்லாவில் இல்லை. பஞ்சாயத்தில் தீராத வழக்கெல்லாம் அங்கே தீரும். குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்ய வருகிறவர்களும் அநேகர். தமையனார் அங்கே நின்று, ஒரு வேளை மாத்திரையையும் தாம் தவறவிட்டதில்லை என்று பிரமாணம் செய்தார். பெரியவர் அதைக் கேட்டு மனம் நொந்து, இனி அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் சத்தியம் செய்து வந்த அந்த வாரத்திலேயே வலிப்பும் வந்தது. உண்மை பேசுகிறவனைப் பொய்யனாக்குவதற்கு ஒரு வியாதி இவ்வளவு பாடுபடுமா என்று அண்ணி என்னிடம் அழுதார்கள்.

அதன் பிறகு ஒருமுறை வேலூருக்குப் போனபோது, அவர்களோடு நானும் போயிருந்தேன். பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிய ஓர் இளம் வைத்தியர், தமையனாரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, "ராத்திரியிலே இவர் பக்கத்திலே படுக்கிறது யாரு?" என்று கேட்டார். அண்ணி முன்னால் வந்தார்கள். "அம்மா, இவர் தூங்கறப்போ மூச்சு எப்படி இருக்கும்னு நீங்க சொல்லுங்க" என்றார். முப்பது வருஷங்களுக்கு மேலாக ஒருவரும் கேட்காதிருந்த கேள்வி அது.

அண்ணி தயங்கவில்லை. "குறட்டை கேட்டுக்கிட்டிருந்தா நான் தூங்கிடுவேன் சார். அது நின்னா முழிப்பு வந்துடும். எழுந்து பார்த்தா, மாரு மேலயும் கீழயும் ஏறி எறங்குது, ஆனா மூக்குகிட்ட கை வெச்சா காத்து இல்ல. நான் மனசுக்குள்ள பிள்ளையாரப்பான்னு பத்து தடவை, இருபது தடவை சொல்லுவேன். அப்புறம் ஒரு திணறல். உடம்பே தூக்கிப் போட்ட மாதிரி ஒரு பெரிய சத்தத்தோட மூச்சு வரும். மறுபடி குறட்டை. ராத்திரி பூரா இதேதான். மல்லாந்து படுத்தா அதிகம். ஃபிட்ஸ் வர்ற அன்னிக்கு, வெடியக்காலத்துல இது ரொம்ப ரொம்ப அதிகமா இருந்திருக்கும்" என்று சொன்னார்கள். வைத்தியர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். நான் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலமும் இந்த அம்மாள் ஒவ்வோர் இரவும் விழித்திருந்து ஒரு மனிதருடைய மூச்சை எண்ணியிருக்கிறார்கள். கேட்பாரில்லாததால் அது வெறும் கவலையாகவே கிடந்தது.

அந்த வைத்தியர் எங்களுக்கு விளக்கிச் சொன்ன விதமும் எனக்கு நினைவிருக்கிறது. "கிணத்துலேருந்து தண்ணி உறிஞ்சற பழைய ரப்பர் குழாய், மோட்டார் இழுக்கறப்போ உள்பக்கம் ஒட்டிக்கறதைப் பார்த்திருப்பீங்களே, தொண்டையும் அப்படித்தான்" என்றார். விழித்திருக்கையில் தொண்டைத் தசைகள் முறுக்காக நின்று மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. கழுத்தில் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கும், இயல்பிலேயே வழி குறுகியவர்களுக்கும், மயக்கம் தரும் மாத்திரைகளால் தசை மேலும் சோர்ந்தவர்களுக்கும் உள்ளிழுக்கிற வேகத்திலேயே வழி அடைபட்டுப் போகிறது. மார்பு இழுக்கும், காற்று வராது. இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது. இதை உணர்ந்த மூளை, உறங்குகிறவனை ஒரு கணம் உலுக்கி எழுப்பி மூச்சை மீட்கிறது. அவனுக்கு அது தெரிவதில்லை. பத்து விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் குறைவாக இருந்தால் குற்றமில்லை, முப்பதுக்கு மேற்பட்டால் கடுமையான நோய்.

வலிப்புக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். இமைக்குள் கண்கள் ஓடுகிற கனவுறக்கம் வலிப்பை அடக்குகிறது. மூளையின் அலைகள் ஒருசேர எழுந்து விழுகிற மற்ற உறக்கமோ, அதிலும் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுகிற தருணங்களோ, அதற்கு இடங்கொடுக்கின்றன. இரவு முழுதும் உலுக்கி எழுப்பப்படுகிறவனுக்கு அப்படிப்பட்ட தருணங்கள் நூற்றுக்கணக்கில் நேர்கின்றன. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவன் உறங்காதவனே. உறக்கமின்மை வலிப்பை அழைக்கிறது. பிராணவாயு அடிக்கடி இறங்குவதும் ஏற்கெனவே எளிதில் கிளர்கிற மூளைக்குத் தீங்கே செய்கிறது. மறுபக்கத்தில், வலிப்பும் மூச்சைத் தடுக்கிறது. மூளையில் மூச்சை ஆளும் பகுதிகளை வலிப்பின் அலை தொடும்போது சிலருக்குச் சுவாசம் நின்றே போவதுண்டு. வலிப்புக்குத் தரும் மருந்துகளிலேயே சில உடம்பைப் பெருக்கச் செய்கின்றன, சில தொண்டையைத் தளர்த்துகின்றன. எங்கள் வீட்டுச் சுழலுக்குக் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் மாலோ என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும், மருந்துக்கு அடங்காத வலிப்புக்காக அறுவைக்குக் காத்திருந்த 39 பேரை உறங்க வைத்துச் சோதித்து 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த மூச்சுத்தடை இருந்தது தெரிந்தது. அவர்களும் தங்கள் தங்கள் ஊரில் மருந்தைத் துப்புகிறவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டிருக்கக் கூடும்.

இதில் என் மனத்தைக் கவர்ந்த மற்றொரு செய்தி உண்டு. உறக்கத்தில் மூச்சு அடைபடுவதைக் கருவிகளின் துணையோடு முதன்முதலில் பதிவு செய்து 1965-இல் உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர், பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரில் இருந்த ஹென்றி காஸ்தோ. அவர் யார் என்றால், வலிப்பு நோய் ஆராய்ச்சிக்கென்றே வாழ்நாளை அர்ப்பணித்தவர். லென்னாக்ஸ்-காஸ்தோ என்று ஒரு கடுமையான வலிப்பு வகையே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூளையின் அலைகளை இரவெல்லாம் கண்காணித்துப் பழகிய மனிதராதலால் அவருடைய கண்ணில் அது பட்டது. அதே வருஷத்தில் ஜெர்மனியில் யுங், கூலோ என்பவர்களும் அதைக் கண்டார்கள். வலிப்பைத் தேடிப் போனவரே மூச்சைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தும், அதன் பின் வெகுகாலம் வரை வலிப்பு வைத்தியர்கள் மூச்சைப் பற்றியும், மூச்சு வைத்தியர்கள் வலிப்பைப் பற்றியும் கேட்காமலே இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய துக்கம் தருகிறது.

தமையனாரை ஓர் இரவு சோதனை அறையில் படுக்க வைத்தார்கள். தலை முழுதும் பசை தடவி ஒட்டிய ஒயர்கள், கண்ணோரத்திலும் மோவாயிலும் சில, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கடியில் காற்றை அளக்கும் சிறு குழாய், விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரிகிற கவ்வி. இத்தனையோடு ஒரு மனிதன் எப்படி உறங்குவான் என்று நான் கேட்டேன். படுத்த சில நிமிஷங்களில் உறங்கிவிட்டார். அதுவே ஒரு நோய்க்குறி என்று அங்கிருந்தவர் சொன்னார். மறுநாள் காகிதத்தில் பார்த்தோம்: மார்பின் கோடு அலையலையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்க, மூக்கின் கோடு படுத்துக் கிடந்தது, பிராணவாயுவின் கோடு படிப்படியாகச் சரிந்து, பின் திடீரென்று நிமிர்ந்தது. அண்ணி கையை நீட்டிக் கண்டறிந்ததை அந்தக் காகிதம் அணுவும் பிசகாமல் சொல்லிற்று. தடைகள் மணிக்கு முப்பது என்னும் எல்லையை வெகுவாகத் தாண்டியிருந்தன.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து காலின் சல்லிவன் 1981-இல் கண்டுபிடித்து வெளியிட்ட உபாயம்தான் இதற்கு இன்றளவும் தலைசிறந்த சிகிச்சை. மூக்கில் ஒரு கவசம் பொருத்தி, சிறு யந்திரம் ஒன்றினால் மெல்லிய அழுத்தத்தோடு காற்றை இடைவிடாமல் செலுத்தினால், தொண்டைவழி ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே நிற்கிறது. அதற்கு முன்னால் கடுமையாக உள்ளவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. சிபாப் என்று பெயர் சொல்லி வாங்கி வந்த அந்த யந்திரத்தைப் புத்தலப்பட்டில் பயன்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. கோடையில் இரவு நேரத்து மின்வெட்டு ஒரு பெரிய இடைஞ்சல். இன்வெர்ட்டரும் பாட்டரியும் வாங்குவதற்கு ஒரு மாமரக் குத்தகையின் பணம் போயிற்று. கவசம் மூக்குத் தண்டை அழுத்திப் புண்ணாக்கியது, வாய் உலர்ந்தது, கொசுவலைக்குள் குழாய் சிக்கிக்கொண்டது. தமையனார் கழற்றி எறிந்த இரவுகளும் உண்டு. அண்ணி எழுந்து, ஒன்றும் பேசாமல், மறுபடியும் மாட்டிவிடுவார்கள்.

பலன் தெரிய நாளாயிற்று என்று சொல்வதற்கில்லை. காலைத் தலைவலி முதல் வாரத்திலேயே விட்டது. மண்டியில் உறங்குவது நின்றது. வைத்தியர், மயக்கம் தருகிற மாத்திரையை மெதுவாக, மாதக்கணக்கில் குறைத்தார். அதைத் திடீரென்று நிறுத்தினால் பெரும் ஆபத்து. வலிப்பு வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது, வருஷத்தில் ஏதோ ஒன்றிரண்டு என்று வந்து நின்றது. அறவே நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மூச்சுக்கு வைத்தியம் செய்தால் எல்லாருக்கும் வலிப்பு குறையும் என்பதும் இல்லை. மருந்து இன்றும் மாடத்தில் இருக்கிறது. ஆனால் கொடுக்கிற மருந்து வேலை செய்ய முடிகிறதென்றால், அதற்கு இடையூறாக இருந்த ஒன்று விலகியது என்றுதானே பொருள்?

இதை எழுதத் தூண்டியது என் தமையனாரின் சுகம் மட்டுமன்று. எங்களுக்குப் பக்கத்துக் கிராமத்தில், வலிப்பு உள்ள ஒரு வாலிபன் தனி அறையில் படுத்திருந்தவன், காலையில் குப்புறக் கிடந்தபடி உயிரற்றுக் காணப்பட்டான். அமுக்குப் பிசாசு அடித்துவிட்டது என்றார்கள். 2013-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரின் டாக்டர் ரிவ்லின் தலைமையில், வைத்தியசாலைகளில் கண்காணிப்பின்போதே நிகழ்ந்த இத்தகைய மரணங்களின் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இரவில் நேர்ந்தவை. பெரிய வலிப்பு ஒன்று வந்து ஓய்ந்ததும் மூச்சு வேகமாகி, பின் குலைந்து, நின்று, அதன் பின்னரே இதயமும் நின்றிருக்கிறது. குப்புறக் கிடந்தவர்களே அதிகம். பயமுறுத்தலாகாது என்ற கருணையால் வைத்தியர்கள் இதைக் குடும்பத்தாரிடம் சொல்லாமல் விடுவதுண்டு. அந்தக் கருணையை நான் ஏற்கமாட்டேன். பக்கத்தில் ஒருவர் படுத்திருக்கவும், வலிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் புரட்டி மூச்சைப் பார்க்கவும், இரவு வலிப்பைக் கூடியமட்டும் அடக்கவும் வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்த வாலிபனின் தாயார் தன் மகனைத் தனி அறையில் விட்டிருப்பாளா?

அண்ணியைத் தேடி இப்போது பெண்கள் வருகிறார்கள். மண்டிக்கு வெல்லம் கொண்டுவருகிறவர்களின் மனைவிமார், காணிப்பாக்கத்துக்கு வந்துவிட்டு வழியில் இறங்குகிற உறவுக்காரர்கள், அவர்கள் சொல்லி வருகிற முன்பின் அறியாதவர்கள் என்று பலர். தமிழில் கேட்டால் தமிழிலும் தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும் அண்ணி பதில் சொல்வார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது, பாகாலா பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் புருஷனுக்கு மூன்று மாத்திரை கொடுத்தும் விடியற்காலத்தில் இழுப்பு வருகிறதென்று கண் கலங்கினாள். அண்ணி அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "குறட்டை விடுவாரா? விட்டா, நடுவுல நிக்குதான்னு கவனி. நின்னா மாரைப் பார்க்கிறதோட விட்டுடாதே, அது ஏறி எறங்கிக்கிட்டுத்தான் இருக்கும். மூக்குகிட்ட கையை வெச்சுப் பாரு. காத்து வரலேன்னா, எத்தனை எண்ற வரைக்கும் வரலேன்னு ஒரு நோட்டுல எழுது. கூடவே மறக்காம, மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் எழுது. டாக்டர் கேக்கலேன்னாலும் அந்த நோட்டை நீயா எடுத்து அவர் மேஜை மேல வை."